கடல் வருடத்திற்கு எத்தனை மீற்றர் எடுக்கிறது? கரையோர மக்கள் கையில் இருக்க வேண்டிய ஒரு கணக்கு

ஒலுவில் முதல் மருதமுனை வரை, கடலரிப்பு பற்றிக் கூடும் எந்தக் கூட்டத்திலும் பேச்சு ஒரு கட்டத்தில் எண்களுக்கு வந்து நிற்கும். "வருடத்திற்கு ஆறு மீற்றர் போகிறது" என்று ஊர் சொல்லும். "அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை, மாற்றம் மிகச் சிறியது" என்று மறுபக்கம் பதில் வரும். ஒருவர் பொய் சொல்கிறார் என்ற முடிவோடு கூட்டம் கலையும். அடுத்த மாரியில் கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும்.

நான் ஊடகக் கற்கை படித்தவன். கணிதம் எனக்குச் சாதாரண தரத்தோடு முடிந்த கதை. ஆனால் கடலரிப்பு பற்றி எழுதத் தொடங்கிய பிறகு ஒரு விடயம் புரிந்தது. இந்த இரண்டு எண்களும் ஒரே அளவீட்டிலிருந்து வரலாம். யாரும் பொய் சொல்லாமலே ஒருவர் ஆறு என்றும் மற்றவர் கிட்டத்தட்டப் பூச்சியம் என்றும் சொல்லலாம். அது எப்படி என்று தெரியாதவரை மகஜர் எழுதும் பக்கம்தான் தோற்கும். அந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பள்ளிக்கூடத்தில் படித்த ஏகபரிமாணச் சமன்பாட்டைத் தாண்டி இதில் அதிகம் எதுவும் இல்லை.

ஒலுவிலில் நடந்தது

ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் காலமான பிறகு நீண்ட காலம் அது பேச்சாகவே இருந்தது. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008 இல் வேலை தொடங்கியது. 2013 செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. திறப்பதற்கு முன்பே கரை மாறத் தொடங்கியிருந்தது.

காரணம் விளங்காதது அல்ல. கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சரிவாக வந்து கரையில் மோதும்போது மணலைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஓரிடத்திலிருந்து போகும் மணலுக்குப் பதிலாக வேறிடத்திலிருந்து மணல் வந்து சேரும். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கரை அப்படியே இருக்கும். கடலுக்குள் நீட்டிக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறிக்கிறது. ஒலுவிலில் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ஒலுவில் கிராமமும் நிந்தவூர்ப் பக்கமும் மணல் வரவை இழந்தன. அங்கே செலவு மட்டும் தொடர்ந்தது. துறைமுக வாயிலையும் மணல் அடைத்ததால் படகுகள் போய்வர முடியாமல் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்த மணலை எடுத்து எங்கே போடுவது என்பதும் தனிப் பிரச்சினையானது.

இதுவரை எல்லோரும் ஏற்பார்கள். எவ்வளவு போனது, அதில் துறைமுகத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்விகள் வரும்போதுதான் தகராறு தொடங்குகிறது. நட்டஈடு, கற்சுவர், மணல் நிரப்பல் என்று எதைக் கேட்டாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் வேண்டும்.

இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும்

கரை பின்வாங்கும் வேகத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று இருக்கிறது. உள்பக்கத்தில் அசையாத ஓர் அடையாளத்தை எடுக்கிறோம். அது பள்ளிவாசல் சுவராகவோ மதகாகவோ கிணற்றுக் கட்டாகவோ இருக்கலாம். அதிலிருந்து கரைக்கோடு வரையுள்ள தூரத்தை இரண்டு வருடங்களில் அளக்கிறோம்.

தூரம் = தொடக்கத் தூரம் − (வேகம் × வருடங்கள்)

வரைபில் இது ஒரு நேர்கோடு. வேகம் என்பது அதன் படித்திறன். இங்கிருந்து நான் தரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, ஒலுவிலில் அளந்தவை அல்ல. முதல் செய்மதிப் படத்தில் தூரம் 92 மீற்றர். நான்கு வருடம் கழித்து எடுத்த படத்தில் 80 மீற்றர். வித்தியாசம் 12 மீற்றர். நான்கால் வகுத்தால் வருடத்திற்கு 3 மீற்றர்.

பெரும்பாலான செய்திகள் இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த 92 உண்மையில் 92 தானா?

செய்மதிப் படத்தில் கரைக்கோட்டைப் பிடிப்பதில் குறைந்தது மூன்று வழுக்கள் உண்டு. முதலாவது, படம் சதுரச் சதுரமான பிக்சல்களால் ஆனது. சென்டினல் 2 செய்மதியின் படத்தில் ஒரு சதுரம் தரையில் 10 மீற்றர். பழைய லான்ட்சாட் படங்களில் 30 மீற்றர். மணல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு சதுரத்துக்குள் ஊகித்துத்தான் கோடு போட வேண்டும். இரண்டாவது, படத்தைத் தரைப்படத்தின்மேல் பொருத்தும்போது அது சில மீற்றர் நகரலாம். மூன்றாவது, படம் எடுத்த நேரத்தில் கடல் எந்த மட்டத்தில் இருந்தது என்பது. எங்கள் கரையில் வற்றும் பெருக்கும் பெரிதல்ல, அரை மீற்றர் அளவுதான். ஆனால் இருபது அடிக்கு ஓர் அடி இறங்கும் சாய்வான மணற்கரையில், நீர்மட்டம் அரை மீற்றர் ஏறினால் நீரோரம் பத்து மீற்றர் உள்ளே வந்துவிடும்.

இந்த மூன்றையும் முறையே 5, 5, 4 மீற்றர் என்று வைப்போம். மூன்றையும் கூட்டினால் 14. ஆனால் இவற்றை அப்படிக் கூட்டுவதில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத வழுக்களில் ஒன்று கடல் பக்கம் இழுக்கும்போது மற்றது தரைப் பக்கம் இழுக்கலாம். எல்லாம் ஒரே பக்கம் சேர்வது அரிது. அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறோம். பைதகரஸ் தேற்றத்தில் முக்கோணத்தின் கர்ணத்தைக் காண்பது போன்ற வேலை இது. 25 + 25 + 16 = 66. அதன் வர்க்கமூலம் 8.1. ஆகவே ஒவ்வோர் அளவும் ±8 மீற்றர். மூன்று தடவை அளந்தால் இரண்டு தடவை உண்மை இந்த எல்லைக்குள் இருக்கும் என்பது இதன் பொருள். இருபதில் பத்தொன்பது தடவை சரியாக இருக்க வேண்டுமானால் இதை இரட்டிக்க வேண்டும்.

இப்போது கழித்தலுக்குத் திரும்புவோம். 92 ± 8 இலிருந்து 80 ± 8 ஐக் கழிக்கிறோம். தூரங்கள் கழிபடும், வழுக்கள் கழிபடாது. 64 + 64 = 128. அதன் வர்க்கமூலம் 11.3. கரை போன தூரம் 12 ± 11.3 மீற்றர். நான்கால் வகுத்தால் வேகம் வருடத்திற்கு 3.0 ± 2.8 மீற்றர்.

அதாவது 0.2 இலிருந்து 5.8 வரை எதுவாகவும் இருக்கலாம். ஊர் சொல்லும் ஆறும், மறுபக்கம் சொல்லும் "மிகச் சிறியதும்" இங்கேதான் பிறக்கின்றன. ஒருவர் எல்லையின் மேல்முனையைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர் கீழ்முனையை. அளவீடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அது சொல்வது ஒரே விடயம்: நான்கு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் இந்த வழக்கைத் தீர்க்கப் போதாது.

வர்க்கமூலத்தால் போகாத வழு

மேலே சொன்ன வழுக்கள் எந்தப் பக்கமும் போகக்கூடியவை. ஒரே பக்கம் மட்டும் இழுக்கும் வழுக்களும் உண்டு. எங்கள் பகுதிக்கு அதில் மிக முக்கியமானது பருவம்.

வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து மணலைச் சுரண்டிக் கொண்டு போகும். தை, மாசியில் கரை ஒடுங்கிக் கிடக்கும். கடல் அடங்கிய மாதங்களில் மணல் திரும்ப வந்து கரை அகலும். பழைய படம் ஆகஸ்டிலும் புதிய படம் ஜனவரியிலும் எடுக்கப்பட்டிருந்தால், கரை எங்கேயும் போகாமலே பல மீற்றர் போனதாகக் கணக்கு காட்டும். மாதங்களை மாற்றிப்போட்டால் போன கரை போகாததாகத் தெரியும். இதை எந்த ± அடையாளமும் காப்பாற்றாது. ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிடுவதுதான் வழி. ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இரண்டு படங்களும் எந்தெந்த மாதத்தில் எடுத்தவை என்பதுதான்.

இன்னொன்று, நேர்கோட்டில் அடங்காத நிகழ்வு. 2004 டிசம்பர் 26 அன்று நடந்தது வருடா வருடம் நடக்கும் அரிப்பல்ல. அன்று கரை ஒரே நாளில் மாறியது. 2000 இலிருந்து 2008 வரை ஒரு நேர்கோட்டை இழுத்து, "துறைமுகத்துக்கு முன்பே இந்த வேகத்தில் கரை போய்க்கொண்டிருந்தது" என்று ஒருவர் சொல்லலாம். சுனாமி ஓரிடத்தில் ஒரே தடவையாகப் 10 மீற்றரை எடுத்திருந்தால், எட்டு வருடக் கோட்டில் அது வருடத்திற்கு 1.25 மீற்றராக ஒளிந்துகொள்ளும். இயற்கையின் பங்கு கூடியதாகவும், பிறகு துறைமுகத்தின் பங்கு குறைந்ததாகவும் தெரியும். சுனாமிக்கு முன் ஒரு கோடு, பின் ஒரு கோடு என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

காலம் கூடினால் வழு குறையும்

நல்ல செய்தியும் உண்டு. அதே ±8 மீற்றர் படங்களை நான்கு வருடத்துக்குப் பதிலாகப் பதினாறு வருட இடைவெளியில் எடுப்போம். கரை போன தூரம் 48 ± 11.3 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பதினாறால் வகுத்தால் 3.0 ± 0.7. வேகம் அதே மூன்றுதான். ஆனால் இப்போது "மாற்றம் மிகச் சிறியது" என்று யாரும் சொல்ல முடியாது. எல்லையை இரட்டித்தாலும் 1.6 இலிருந்து 4.4 வரைதான் வரும். பூச்சியம் தூரத்தில் நிற்கிறது.

இடையிலுள்ள படங்களையும் சேர்த்தால் இன்னும் திருந்தும். இரண்டு வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது படங்கள் இருந்தால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேர்கோடு சரியாகத் தொடாது. கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் விலகும் தூரத்தை வர்க்கித்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோட்டைத் தெரிவு செய்கிறோம். இழிவு வர்க்க முறை என்பது இதுதான். 1805 இல் பிரான்ஸின் லெஜாந்தர் இதை வெளியிட்டார். 1809 இல் ஜேர்மனியின் கவுஸ் இதை வழுக்களின் கணிதத்தோடு இணைத்து எழுதினார். 1801 இன் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டுச் சூரிய ஒளியில் மறைந்துபோன சீரீஸ் என்ற சிறுகோளை, கையிலிருந்த சில வார அவதானங்களைக் கொண்டே அது திரும்பத் தோன்றும் இடத்தைக் கணித்துக் கொடுத்தவர் அவர். எல்லா அளவிலும் வழு உண்டு என்று ஏற்றுக்கொண்டுதான் அவர் விடையை எடுத்தார்.

எங்கள் ஒன்பது படங்களுக்கு அந்த முறைப்படி கணக்கிட்டால் ± 0.7 என்பது ± 0.5 ஆகக் குறைகிறது. கடலரிப்பு ஆய்வாளர்கள் பலர் பயன்படுத்தும், ஐக்கிய அமெரிக்காவின் புவியியல் அளவை நிறுவனம் உருவாக்கிய டிசாஸ் என்ற இலவச மென்பொருள் இதே வேலையைத்தான் செய்கிறது. வேகத்தோடு அதன் நிச்சயமின்மையையும் அது தரும். ஓர் ஆய்வறிக்கையில் வேகம் மட்டும் இருந்து நிச்சயமின்மை இல்லையென்றால், யாரோ அதை விட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

லான்ட்சாட் 5 செய்மதி 1984 இல் ஏவப்பட்டது. அந்தத் தொடரின் படக்களஞ்சியம் 2008 இலிருந்து யாருக்கும் இலவசம். எங்களைப் போன்ற பகுதிகளுக்கு இது பெரிய விடயம். யுத்த காலத்தில் இரவில் கடலுக்குப் போவதற்கே தடைகள் இருந்த கரை இது. வருடா வருடம் யாரோ நாடா பிடித்து இந்தக் கரையை அளந்து வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சோதனைச்சாவடியில் நிற்காமல் மேலே போன செய்மதி மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

கயிறும் நினைவும்

நிந்தவூர்க் கரையில் ஒரு மூத்த மீனவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, செய்மதிய உடுங்க. இந்த இடத்தில நிண்ட தென்னையில இருந்து முப்பது பாகம் கயிறு போட்டாத்தான் தண்ணி. இப்ப தென்னையும் இல்ல, அது நிண்ட காணியும் இல்ல" என்றார். "எப்ப காக்கா அளந்தீங்க?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சுனாமிக்குப் பிறகு. மூத்த மகள்ட கல்யாணத்துக்கு முந்தின வருஷம். இல்லாட்டி அந்த வருஷம்."

இதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கரைவலைக்காரருக்குக் கயிற்றின் அளவு கையிலேயே இருக்கும். முப்பது பாகம் என்பது சுமார் 55 மீற்றர். தூரத்தில் அவருடைய வழு செய்மதியை விடக் குறைவாகவே இருக்கலாம். சந்தேகம் வருடத்தில்தான். அதற்கும் கணக்கு உண்டு. வருடத்தில் ±1 என்றால் அதை வேகத்தால் பெருக்க வேண்டும். வருடத்திற்கு 3 மீற்றர் போகும் கரையில் ஒரு வருடக் குழப்பம் 3 மீற்றர்த் தூரக் குழப்பத்துக்குச் சமம். செய்மதியின் 8 மீற்றரோடு ஒப்பிட்டால் அது சிறியது. கல்யாணப் பதிவைப் பார்த்து வருடத்தை உறுதிசெய்தால் அந்த வழுவும் போய்விடும். திகதியோடு பிடித்த ஒரு பழைய குடும்பப் படத்தில், பின்னால் கடலும் பக்கத்தில் இன்றும் நிற்கும் ஒரு கட்டடமும் இருந்தால் அதுவும் ஓர் அளவீடுதான்.

நாடாவின் பலத்தை எண்ணில் சொல்கிறேன். கணக்கில் ஒவ்வோர் அளவுக்கும் அதன் வழுவின் வர்க்கத்துக்கு நேர்மாறாக நிறை கொடுப்பார்கள். ±1 மீற்றர் அளவு ஒன்று, ±8 மீற்றர்ப் படங்கள் அறுபத்து நான்குக்குச் சமம். நாடாவால் இரண்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை அளந்தால் வேகத்தின் வழு ± 0.7. பதினாறு வருட இடைவெளியிலுள்ள இரண்டு செய்மதிப் படங்கள் தருவதும் அதே ± 0.7 தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாடா துல்லியமாக இருந்தாலும் கரை தானாகவே வருடத்துக்கு வருடம் சில மீற்றர் ஆடும். ஒரு கெட்ட மாரி, ஒரு நல்ல மாரி என்று இருக்கும். இரண்டே அளவுகள் அந்த ஆட்டத்தை அரிப்பாகக் காட்டிவிடலாம். அதனால் மாதம் ஒரு தடவை, ஒரே அடையாளத்திலிருந்து, கடல் ஒரே நிலையில் இருக்கும்போது அளந்து கொப்பியில் திகதியோடு எழுதிவர வேண்டும். அடையாளம் கடலிலிருந்து தூரமாக, உள்ளே இருக்க வேண்டும். தென்னையை வைத்து அளந்தால் தென்னையோடு சேர்ந்து அளவும் போய்விடும்.

யார் பொறுப்பு? அருகருகே ஓடும் கோடுகள்

வேகத்தைக் கண்டுபிடித்த பிறகு அடுத்த கேள்வி, அதில் எவ்வளவு துறைமுகத்தால் என்பது. துறைமுகம் இல்லாவிட்டாலும் கரை கொஞ்சம் மாறும். 1950களின் தொடக்கத்தில் இங்கினியாகலையில் கல்லோயா மறிக்கப்பட்டு சேனநாயக்க சமுத்திரம் உருவானது. ஆறு கடலுக்குக் கொண்டுவரும் மணலை அணைகள் தடுக்கும் என்பது தெரிந்ததே. மணல் அகழ்வு உண்டு, கடல் மட்டமும் உயர்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் "பழைய அரிப்பு" என்று வைப்போம்.

இப்போது தெரியாதவை இரண்டு. பழைய அரிப்பைப் "ப" என்றும் துறைமுகத்தின் பங்கைத் "து" என்றும் எழுதுவோம். இரண்டு தெரியாதவைக்கு இரண்டு சமன்பாடுகள் வேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த ஒருங்கமை சமன்பாடுகள்தான். சுவருக்கு அருகிலுள்ள ஓரிடத்தில் துறைமுகத்தின் தாக்கம் முழுமையாகவும், பக்கத்திலுள்ள இரண்டாம் இடத்தில் பத்தில் ஒன்பதாகவும் இருப்பதாக வைப்போம்.

முதலிடம்: ப + து = 5.0
இரண்டாமிடம்: ப + 0.9 து = 4.7

கழித்தால் 0.1 து = 0.3. ஆகவே து = 3, ப = 2. ஐந்தில் மூன்று மீற்றர் துறைமுகத்தால் போனது. விடை தெளிவாகத்தான் இருக்கிறது.

ஆனால் 4.7 என்பதில் ±0.2 வழு இருந்தால்? அது 4.9 ஆக இருந்தால் து = 1, ப = 4. இப்போது குற்றவாளி இயற்கை. 4.5 ஆக இருந்தால் து = 5, ப = 0. முழுக் குற்றமும் துறைமுகத்தில். இருபது சதம மீற்றர் மாறியதும் தீர்ப்பு தலைகீழானது. காரணம், இரண்டு சமன்பாடுகளும் கிட்டத்தட்ட ஒரே சமன்பாடு. வரைபில் அவை கிட்டத்தட்டச் சமாந்தரமாக ஓடும் இரண்டு கோடுகள். ஒன்றை மயிரளவு நகர்த்தினாலும் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி எங்கோ போய்விடும். 0.9 என்ற குணகமும் யாரோ ஒருவரின் மதிப்பீடுதான். அது 0.85 என்றால் து = 2, ப = 3 ஆகிவிடுகிறது.

இரண்டாமிடத்தைத் தூரத்தில், துறைமுகத்தின் தாக்கம் பத்தில் ஒன்றே உள்ள ஒரு கரையில் எடுத்தால் என்ன நடக்கும்?

ப + 0.1 து = 2.3

இப்போதும் து = 3, ப = 2. ஆனால் 2.3 என்பது 2.5 ஆனால் து = 2.8, 2.1 ஆனால் து = 3.2. குணகம் 0.15 ஆனாலும் து 3.2 தான். அதே அளவு வழு இருந்தும் விடை அசையவில்லை. இரண்டு கோடுகளும் நன்றாக விலகி வெட்டுகின்றன. எங்கே அளப்பது என்பது எவ்வளவு துல்லியமாக அளப்பது என்பதை விட முக்கியமாகிவிடும் இடம் இது.

இதைவிடச் சிறந்த சமன்பாடும் உண்டு. அதே இடம், துறைமுகத்துக்கு முன். அப்போது து பூச்சியம், ப மட்டும்தான். அதனால்தான் எந்தப் பெரிய கட்டுமானத்துக்கும் முன்பு அடிப்படை அளவீடு வேண்டும் என்று கேட்கிறோம். அளக்காமல் கட்டிவிட்டால், பிறகு "நிரூபியுங்கள்" என்று சொல்வது எளிது. 2008 க்கு முந்திய செய்மதிப் படங்கள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும், சுனாமியைப் பிரித்தெடுத்தால்.

சந்தேகம் யாருக்குச் சாதகம்?

மருதமுனை மக்களுக்கு 65 மீற்றர் என்ற எண் மனப்பாடம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். பின்னர் அது தளர்ந்தது. எங்கள் பகுதியில் 65 மீற்றர் என்ற எல்லை பல குடும்பங்களின் வீட்டுக் கதையாகவே ஆனது. கரைக்கோட்டை ±8 மீற்றரில் பிடித்துவிட்டு, 62 மீற்றரிலுள்ள வீடு எல்லைக்கு உள்ளே என்று ஒருவர் எழுதினால், அந்த வீடு 54 இலும் இருக்கலாம், 70 இலும் இருக்கலாம். அந்தக் காகிதத்தில் ± இல்லை. கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் இருக்கும்.

யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு இது பழகிய விடயம். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒவ்வொருவர் ஓர் எண் சொல்கிறார்கள். இறுதி யுத்தத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. சரியான எண் தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு நடந்ததையே சிறிதாக்கும் பேச்சை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். கணக்கு அப்படிச் சொல்வதில்லை. 3.0 ± 0.7 என்பதில் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகம் முழுவதும் பூச்சியத்துக்கு மேலேயே இருக்கிறது.

அதே கணக்கு எங்களையும் கட்டுப்படுத்துகிறது. 3.0 ± 2.8 ஐக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மீற்றர் என்று மகஜர் எழுதினால், முதல் தொழில்நுட்ப அதிகாரியே அதை உடைத்துவிடுவார். உண்மையான மூன்று மீற்றரும் அதோடு சேர்ந்து உடையும்.

மகஜரில் என்ன எழுதலாம்

அடுத்த தடவை பிரதேச செயலகத்துக்கோ கரையோரம் பேணல் திணைக்களத்துக்கோ எழுதும்போது ஐந்து விடயங்கள் இருந்தால் போதும். எந்த அடையாளத்திலிருந்து அளந்தது. எந்தெந்தத் திகதியில். எதனால் அளந்தது, அதன் வழு எவ்வளவு. வேகம் எவ்வளவு, ± எவ்வளவு. ஒப்பிடுவதற்கு எடுத்த தூரத்துக் கரை எது. அதிகாரிகள் எண் சொன்னால் இதே ஐந்தையும் அவர்களிடமும் கேட்கலாம்.

ஒரு நூறு அடி நாடா, ஒரு கொப்பி, கரையோரப் பாடசாலை ஒன்றின் க.பொ.த. சாதாரண தர மாணவர்கள். இவ்வளவு இருந்தால் மாளிகைக்காட்டிலும் நிந்தவூரிலும் ஒலுவிலிலும் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். முதல் அளவை மாரிக்கு முன் எடுப்பது நல்லது. மாரி வந்த பிறகு எடுத்தால், கரை எங்கே இருந்தது என்பதற்கு மறுபடியும் நினைவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.